பிறந்த மாதமும் பள்ளி அணியும்

ஆகஸ்ட் மாதத்து நியூ ஜெர்சி வெயில் இப்படி இருக்கும் என்று மதுரையிலிருந்து போன நான் எதிர்பார்க்கவில்லை. காலை எட்டு மணிக்கே செயற்கைப் புல்தரை சூடேறி ரப்பர் வாடை கிளம்பியது. பள்ளி திறக்க இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. ஆனால் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் என் அண்ணன் மகளுக்கு அன்றைக்கே பெரிய பரீட்சை. பள்ளிக் கால்பந்து அணிக்கான தேர்வு, அங்கே எல்லோரும் சொல்கிறபடி ‘ட்ரை-அவுட்’, அன்று தொடங்கியது.

ஏறக்குறைய எழுபது பெண் பிள்ளைகள். வந்த வரிசைப்படி ஆளுக்கொரு எண் போட்ட மெல்லிய மேல்சட்டை கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைக்கு 41. முதலில் இரண்டு மைல் ஓட்டம், தடகளப் பாதையில் எட்டுச் சுற்று. பெற்றோர் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்த அண்ணனின் விரல்கள் சுற்றுக்கு ஒன்றாக மடங்கிக்கொண்டே வந்தன.

“எட்டு வயசுலருந்து இதுக்காகத்தான்டா ஓடிக்கிட்டிருக்கோம்” என்றார்.

“இந்த ஓட்டத்தை வச்சேவா முடிவு பண்ணுவாங்க?”

“மூணு நாள் பாப்பாங்க. அப்புறம் பட்டியல் வந்துரும்.”

பட்டியல் மூன்று நாளில் வந்தது. ஆனால் ஊர் திரும்பிய பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தபோது, அண்ணன் முதலில் சொன்ன வாக்கியமே சரி என்று பட்டது. அந்த மைதானத்தில் யார் மூச்சு வாங்காமல் எட்டாவது சுற்றை முடிப்பார், யார் பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார் என்பதெல்லாம் பெருமளவு அதற்கு ஆறேழு ஆண்டுகளுக்கு முன்பே தீர்மானமாகிவிட்டது. எந்த மாதம் பிறந்தார்கள், உடம்பு எவ்வளவு சீக்கிரம் வளர்ந்தது, சனி ஞாயிறுகளில் அழைத்துப்போக வீட்டில் ஒரு காரும் ஓர் ஆளும் இருந்தார்களா என்ற மூன்றும் அந்தத் தீர்மானத்தில் திறமைக்குச் சமமாகப் பங்கெடுத்தன. மூன்றாம் நாள் மாலை வெளியான பட்டியலில் எது திறமை, எது பிறந்தநாள், எது பெட்ரோல் செலவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

அமெரிக்காவில் சிறுவர் கால்பந்து இரண்டு கிளையாக ஓடுகிறது. ஒன்று ‘ரெக்’: ஊருக்குள்ளேயே, வந்த பிள்ளைகளை எல்லாம் சேர்த்துக்கொண்டு, ஏதோ ஒரு குழந்தையின் அப்பாவோ அம்மாவோ பயிற்சியாளராக நின்று நடத்துவது. இன்னொன்று ‘டிராவல்’: தேர்வு வைத்து எடுத்த பிள்ளைகளைக்கொண்ட அணி, வெளியூர் அணிகளோடு ஆட வாரா வாரம் பயணம் போவது. பெயரே அதனால் வந்ததுதான். பல ஊர்களில் எட்டு வயதிலேயே டிராவல் தேர்வு தொடங்கிவிடும். அதற்கு மேலே சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்கள் நடத்தும் தனியார் கிளப்புகள், அவற்றுக்கும் மேலே தேசிய லீகுகள் என்று ஏணி நீள்கிறது. ஏற ஏறக் கட்டணமும் தூரமும் கூடும். ரெக்கில் நூறு இருநூறு டாலரில் முடிகிற ஒரு பருவம், மேல் கிளப்புகளில் ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர்களில் போய் நிற்கிறது.

எப்போதுமே இப்படி இருக்கவில்லை. அண்ணன் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரக் கார் தூரத்தில், நெவார்க் நகரத்தை ஒட்டி, கார்னி என்ற சிற்றூர் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியிலிருந்து வந்த கிளார்க் நூல் கம்பெனி 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதியில் ஆலை கட்டியது. ஆலைத் தொழிலாளர்கள் பந்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். அந்த ஆலையின் அணியான ஓ.என்.டி., 1885இல் நடந்த முதல் அமெரிக்கக் கோப்பையை வென்றது. நூறாண்டு கழித்து, 40 ஆண்டு இடைவெளிக்குப் பின் அமெரிக்கா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற 1990இல், அந்த அணியில் இருந்த டாப் ராமோஸ், ஜான் ஹார்க்ஸ், டோனி மியோலா மூவரும் கார்னி வட்டாரத்தில் வளர்ந்த பிள்ளைகள். மூவரும் கார்னி திஸில் என்ற ஊர்க் கிளப்பில் ஆடியவர்கள். ராமோஸ் உருகுவேயில் பிறந்தவர், ஹார்க்ஸின் அப்பா ஸ்காட்லாந்துக்காரர், மியோலா வீட்டார் இத்தாலியர்கள். ஆலையும் தேவாலயமும் பப்பும் பக்கத்துத் தெருவிலேயே இருந்ததுபோல் அவர்களுக்குப் பந்தும் பக்கத்துத் தெருவிலேயே இருந்தது. பயணம் போக வேண்டிய தேவை அவர்களுக்கு அதிகம் இருந்திருக்காது.

வெள்ளையர் புறநகரங்களுக்கு இந்த ஆட்டம் போனது வேறு வழியாக. 1964இல் கலிஃபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் ஒன்பது அணிகளோடு ஏ.ஒய்.எஸ்.ஓ. என்ற சிறுவர் கால்பந்து அமைப்பு தொடங்கியது. எல்லாரும் ஆட வேண்டும் என்பது அதன் முதல் விதி. எந்தப் பிள்ளையும் பாதி ஆட்டமாவது களத்தில் இருக்க வேண்டும். பத்தாண்டு கழித்து 1974இல் இன்றைய யு.எஸ். யூத் சாக்கர் அமைப்பு உருவானது. அடுத்த ஆண்டே நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு பெலே வந்து சேர்ந்தார். 1977 ஆகஸ்டில் நியூ ஜெர்சியின் ஜெயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் காஸ்மாஸ் ஆடிய ஒரு பந்தயத்தைப் பார்க்க 77,691 பேர் கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் அப்பா அம்மாவோடு வந்திருந்த பிள்ளைகள்தாம் பின்னர் ஊர் ஊராகச் சிறுவர் லீக் நடத்திய தலைமுறை. பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கதவும் திறந்தது. பாலின அடிப்படையில் கல்வி நிலையங்கள் பாகுபாடு காட்டக் கூடாது என்ற 1972ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி கல்லூரி விளையாட்டுகளையும் மாற்றியது. 1982இல் என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் முதல் பெண்கள் கால்பந்து இறுதிப்போட்டி நடந்தது. 1999இல் பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு ரோஸ் பௌல் மைதானத்தில் 90,185 பேர் வந்தார்கள். இன்று உயர்நிலைப் பள்ளிகளில் ஆண் பெண் இருபாலரையும் சேர்த்து 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கால்பந்து ஆடுகிறார்கள்.

பள்ளி அணிக்குக் கட்டணம் இல்லை, அல்லது மிகக் குறைவு. பயிற்சி பள்ளி முடிந்ததும் பள்ளியிலேயே நடக்கிறது, வெளியூர் ஆட்டத்துக்குப் பள்ளிப் பேருந்து வரும். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. ஆனால் அந்த இலவச அணிக்குள் நுழைய, பெரிய பள்ளிகளில், ஆறேழு ஆண்டு கட்டணம் கட்டி ஆடிப் பழகியிருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. இந்த இடம்தான் என்னை உறுத்துகிறது.

பிறந்த மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

1980களில் கனடாவில் ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்குப் போயிருந்த உளவியலாளர் ராஜர் பார்ன்ஸ்லியின் மனைவி, கையேட்டில் வீரர்களின் பிறந்த தேதிகளைப் பார்த்துக்கொண்டு வந்தவர், ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். பெரும்பாலோர் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்திருந்தார்கள். பார்ன்ஸ்லி இதை ஆராய்ந்து 1985இல் வெளியிட்டார். ஹாக்கியில் வயதுப் பிரிவின் எல்லைக் கோடு ஜனவரி 1. ஒரே பிரிவில் ஜனவரியில் பிறந்த பையனும் டிசம்பரில் பிறந்த பையனும் ஆடுகிறார்கள். ஒன்பது வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது வாழ்நாளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ உயரம், கொஞ்சம் வேகம், சொன்னதைப் புரிந்துகொள்ளும் பக்குவம் எல்லாம் அதில் அடக்கம். பார்க்கிற பெரியவர் கண்ணுக்கு மூத்தவன் ‘நல்ல ஆட்டக்காரன்’ ஆகத் தெரிகிறான். ‘ஏ’ அணிக்கு எடுக்கிறார். அங்கே நல்ல பயிற்சி, கூடுதல் ஆட்டங்கள். அடுத்த ஆண்டு அவன் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரன் ஆகிவிடுகிறான். இளையவன் ‘சி’ அணியில் ஒரு பருவம் ஆடிவிட்டு வேறு எதற்காவது போய்விடுகிறான்.

இது இயற்கை வகுத்ததா, எல்லைக் கோடு வகுத்ததா என்ற கேள்விக்கு பெல்ஜியம் பதில் சொன்னது. அந்நாட்டுச் சிறுவர் கால்பந்தில் வயதுக் கணக்கு ஆகஸ்ட் 1இல் தொடங்கியவரை, தேர்வான பிள்ளைகளில் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் பிறந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். 1997இல் கோட்டை ஜனவரி 1க்கு மாற்றினார்கள். வெர்னர் ஹெல்சனும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட கட்டுரை காட்டியது இதுதான்: வெகு சீக்கிரமே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பிள்ளைகள் ‘திறமைசாலிகள்’ ஆகிவிட்டார்கள். ஆகஸ்ட், செப்டம்பர் பிள்ளைகளின் பங்கு சரிந்தது. பெல்ஜியக் குழந்தைகளின் கால்கள் ஒரு வருடத்தில் மாறிவிடவில்லை. அலுவலகத்தில் ஒரு தேதி மாறியது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பல காலமாகப் பள்ளி ஆண்டை ஒட்டி ஆகஸ்ட் 1தான் கோடாக இருந்தது. 2015இல் யு.எஸ். சாக்கர் கூட்டமைப்பு அதைக் காலண்டர் ஆண்டுக்கு மாற்றுவதாக அறிவித்தது. 2017க்குள் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. உலக அளவில் தேசியச் சிறுவர் அணிகள் அப்படித்தான் பிரிக்கப்படுகின்றன என்பது காரணம். தேசிய அணிக்குப் போகப்போகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்; மாற்றத்தைச் சுமந்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள். அன்றுமுதல் ஒரே அணியில் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் கலந்தார்கள். அந்தக் கலப்பில் சிக்கிக்கொள்கிறவருக்கு ‘டிராப்ட் பிளேயர்’, அதாவது மாட்டிக்கொண்ட பிள்ளை, என்று பெயர்.

எங்கள் வீட்டுப் பெண் நவம்பரில் பிறந்தவள். எட்டாம் வகுப்பு இலையுதிர் காலத்தில் அவளுடைய கிளப் அணியில் பாதிப்பேர் ஒன்பதாம் வகுப்பு. அவர்கள் பள்ளி அணிக்காக ஆடப் போய்விட, கிளப் அணி அந்த மூன்று மாதம் கலைந்தது. இவளும் இன்னும் ஐந்தாறு பேரும் செவ்வாய், வியாழன் மாலைகளில் வேறொரு வயதுப் பிள்ளைகளோடு பயிற்சிக்கு நின்றார்கள். ஆட்டம் கிடையாது. அண்ணி ஒருநாள் போனில் சொன்னார்: “பை தூக்கிட்டுப் போறா, வர்றா. ஒரு மேட்ச் இல்ல. கேட்டா ‘நான் டிராப்ட், அம்மா’ங்கிறா, ஏதோ வியாதி பேரு மாதிரி.” அந்த மூன்று மாதம் தோழிகள் எல்லாம் பள்ளி அணியில் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடினார்கள். அடுத்த ஆகஸ்டில் அவள் 41ஆம் எண்ணைப் போட்டுக்கொண்டு ஓட வந்தபோது அந்த இடைவெளியும் கூடவே வந்தது.

பதின்மூன்று, பதினான்கு வயதில் பிறந்த தேதியை மட்டும் பார்த்தால் போதாது. ஒரே மாதத்தில் பிறந்த இருவரில் ஒருத்தி பூப்பெய்தி உயரம் முழுக்க வளர்ந்திருப்பாள், இன்னொருத்திக்கு அது இனிமேல்தான். உடல் முதிர்வில் இரண்டு, மூன்று ஆண்டு வித்தியாசம் சர்வசாதாரணம். இங்கிலாந்தில் சில கால்பந்து அகாதமிகள் பிறந்த வயதை விட்டுவிட்டு, வளர்ச்சி நிலையைக் கணக்கிட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ஆடவைத்துப் பார்த்திருக்கின்றன. பள்ளித் தேர்வில் இதற்கெல்லாம் நேரமில்லை. மைக்கேல் ஜோர்டன் பள்ளிக் கூடைப்பந்து அணியிலிருந்து ‘வெட்டப்பட்டார்’ என்ற கதை உலகெங்கும் சொல்லப்படுகிறது. நடந்தது வேறு. 1978இல் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரத்தில், லேனி உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படித்த ஜோர்டனை மூத்தோர் அணியான ‘வார்சிட்டி’க்கு எடுக்காமல் இளையோர் அணியான ‘ஜே.வி.’யில் போட்டார்கள். வார்சிட்டிக்கு எடுத்த இன்னொரு பத்தாம் வகுப்புப் பையன் அவரைவிட உயரம். அணிக்கு உயரம் தேவைப்பட்டது. ஜோர்டன் பிறகு வளர்ந்தார். விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக இதைச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் தெரிவது, ஆடிக்கொண்டிருக்க ஒரு ஜே.வி. அணி இருந்ததே என்பதுதான். அது இல்லாதிருந்தால் அந்த ஆண்டு அவர் எங்கே ஆடியிருப்பார்?

இனி பணம். ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு சிறுவர் விளையாட்டுகளைப் பற்றித் தொடர்ந்து கணக்கெடுக்கிறது. 2019இல் ஒரு பிள்ளைக்கு ஒரு விளையாட்டுக்கு ஆண்டுக்குக் குடும்பங்கள் சராசரியாக 693 டாலர் செலவழித்தன. அதில் மிகப் பெரிய பங்கு பயணம். பதிவுக் கட்டணத்தையும் கருவிகளையும்விட அதிகம். 2024இல் பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்கு மட்டும் 1,016 டாலர். ஐந்தாண்டில் 46 சதவீத ஏற்றம். இது எல்லா விளையாட்டுக்கும், எல்லா மட்டத்துக்குமான சராசரி என்பதை மறந்துவிடக் கூடாது. மேல்நிலைக் கிளப்பில் இருக்கும் வீடுகளுக்கு இது தொடக்கப் புள்ளிகூட அல்ல. வார இறுதிப் போட்டிகளில் பல, குறிப்பிட்ட ஓட்டல்களில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நடத்தப்படுகின்றன. இண்டியானாவின் வெஸ்ட்ஃபீல்டில் 2014இல் திறந்த கிராண்ட் பார்க், 400 ஏக்கரில் முப்பதுக்கும் மேற்பட்ட மைதானங்களோடு இருக்கிறது; ஒரு நகராட்சியே அதைக் கட்டியது. பிள்ளைகளின் ஆட்டம் ஊர்களுக்கு வருமானமாகவும் மாறியிருக்கிறது என்பதற்கு அந்த மைதானங்களே சாட்சி.

பணத்தின் வலி என்ன என்பதை டெக்சஸ்காரர் கிளின்ட் டெம்ப்சியின் வீடு அறியும். நாகடோசெஸ் என்ற சிறிய ஊர். பாட்டி வீட்டுக் கொல்லையில் டிரெய்லர் வீடு. மெக்சிகோவிலிருந்து குடியேறியவர்களோடு ஆடிப் பழகிய கால். பத்து வயதில் டல்லாஸ் நகர டிராவல் கிளப் ஒன்றில் இடம் கிடைத்தது. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். அக்கா ஜெனிஃபர் டென்னிஸில் வளர்ந்துகொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகளின் பயணத்தையும் வீடு தாங்கவில்லை. தம்பியின் கால்பந்துப் பயணம் நின்றது. 1995இல், பதினாறு வயதில், மூளை ரத்தக் குழாய் வெடித்து அக்கா இறந்துபோனார். அதன் பிறகு டெம்ப்சி டல்லாஸ் கிளப்புக்குத் திரும்பினார். மற்ற பெற்றோர் காரிலும் செலவிலும் கைகொடுத்தார்கள். அமெரிக்க தேசிய அணிக்காக 57 கோல் அடித்து, லேண்டன் டோனவனோடு சேர்ந்து அந்நாட்டு ஆண்கள் சாதனையைப் பங்கிட்டுக்கொண்ட ஆட்டக்காரரின் கதை இது. இதை எப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது. அந்த ஊரிலிருந்து டல்லாஸ் போக முடியாதுபோன மற்ற பிள்ளைகள் யாரும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

சமூகவியலாளர் ஆனெட் லாரோ 2003இல் வெளியிட்ட ஆய்வு நூலில், புனைபெயரில் வரும் நான்காம் வகுப்புப் பையன் ஒருவனின் வீட்டைக் காணலாம். கால்பந்து உட்பட ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளில் ஆடும் அவனுடைய பயிற்சி, பந்தய நேரங்களைச் சுற்றித்தான் அந்த வீட்டின் சாப்பாடும் தூக்கமும் விருந்தாளிகளும். நடுத்தர வர்க்கத்தின் இந்த வழியை அவர் திட்டமிட்டு வளர்த்தெடுத்தல் என்கிறார். ஏழை, உழைக்கும் வீடுகளில் பிள்ளைகள் தெருவில் சொந்தக்காரப் பிள்ளைகளோடு தாங்களாகவே ஆடுகிறார்கள். லாரோ இரண்டையும் உயர்வு தாழ்வு சொல்லாமல் எழுதுகிறார். தெருப் பிள்ளைகளிடம் உற்சாகமும் ஒட்டுறவும் கூடுதல். ஆனால் எண் போட்ட சட்டையோடு அந்நியர் முன்னால் நின்று தன்னைக் காட்டிக்கொள்வது, தோற்றுவிட்டுக் கை குலுக்குவது, பெரியவர் கண்ணைப் பார்த்துப் பேசுவது எல்லாம் டிராவல் பிள்ளைக்கு எட்டு வயதிலேயே பழகிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகத் தேர்வுக்கு வரும் பிள்ளைக்கு அந்த மைதானமே அந்நியம்.

சொல்லப்போனால் நம் தமிழ் வீடுகள் இதில் மிக வேகமாகச் சேர்ந்துகொண்டன. ஐ.ஐ.டி. கோச்சிங் வாசலில் காத்திருந்த அப்பாக்களை நாம் அறிவோம். அதே பொறுமையோடு, அதே கவலையோடு, மடக்கு நாற்காலியோடு அண்ணனும் அவர் நண்பர்களும் மழையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பிள்ளைக்கு எது கிடைத்தாலும் அது தங்கள் உழைப்பின் வழியாகவே கிடைக்கும் என்று நம்பி வளர்ந்த தலைமுறை. அந்த நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். அதில்தான் நானும் படித்து ஆளானேன்.

உடம்பைப் பற்றி மருத்துவர்கள் சொல்வதில் குழப்பம் இல்லை. மருத்துவர் நீரு ஜெயந்தியும் குழுவினரும் சுமார் 1,200 இளம் ஆட்டக்காரர்களைப் பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்குத் தன் வயதைவிட அதிக மணி நேரம் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்கும், தானாக ஆடும் நேரத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் பயிற்சியில் கழிக்கும் பிள்ளைகளுக்கும் காயம் கூடுதல் என்று தெரிந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2016இல் தந்த அறிவுரை: ஒரே விளையாட்டில் இறங்குவதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடுங்கள், வருடத்தில் மொத்தம் மூன்று மாதமாவது ஓய்வு கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் தசைநார் கிழிவது ஆண் பிள்ளைகளைவிடப் பல மடங்கு. பதினைந்து இருபது நிமிடச் சரியான முன்பயிற்சி அதைப் பெருமளவு குறைக்கும். டிராவல், பள்ளி, மீண்டும் டிராவல், குளிர்காலத்தில் உள்ளரங்கு என்று சுற்றும் ஓராண்டில் அந்த மூன்று மாதத்தை எங்கே எடுப்பது என்று அண்ணி கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இவ்வளவும் எதற்கு? ஸ்காலர்ஷிப்புக்கு என்பார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பள்ளியில் ஆடுகிறவர்களில் ஆண்களில் 5, 6 சதவீதமும் பெண்களில் சுமார் 7 சதவீதமும்தான் என்.சி.ஏ.ஏ. கல்லூரி அணிகளில் ஆடுகிறார்கள். 2025 வரை முதல் பிரிவுக் கல்லூரியின் ஆண்கள் அணி ஒன்றுக்கு மொத்தமே 9.9 முழு ஸ்காலர்ஷிப், பெண்கள் அணிக்கு 14. அதை இருபது முப்பது பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள். 2025 ஜூனில் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு, அதை ஏற்ற கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணியில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்ற வரம்பு வந்திருக்கிறது. எட்டு வயதிலிருந்து கட்டிய கட்டணத்தை வங்கியில் போட்டிருந்தால் என்று பல வீடுகளில் பேச்சு வரும். பேச்சோடு நிற்கும்.

பிள்ளைகளைக் கேட்டால் காரணம் வேறு. முதல் நாள் மாலை வீட்டுக்கு வந்து, ஐஸ் பையை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் கேட்டேன்: “காலேஜ்லயும் ஆடுவியா?”

“தெரியல சித்தப்பா. ஸ்கூல் ஜெர்சி போடணும். மேட்ச் இருக்கற நாள்ல அதைப் போட்டுக்கிட்டே கிளாஸுக்கு வருவாங்க. கிளப்ல ஆடறது யாருக்குமே தெரியாது.”

கிளப் ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் பெற்றோர் மட்டும். பள்ளி ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் அவளோடு இயற்பியல் படிக்கிறவர்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கடைசி உள்ளூர் ஆட்டத்தன்று, அவர்களை அப்பா அம்மாவோடு மைதான நடுவில் நிற்கவைத்துப் பெயர் சொல்லிப் பூங்கொத்து கொடுக்கிறார்கள். ஓர் ஊரில் நாமும் ஒரு ஆள் என்று அறியப்படுவதன் சுவை அது. குடியேறிய வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சுவை இரட்டிப்பு.

இதன் எடையை யு.எஸ். சாக்கர் கூட்டமைப்பே ஒருமுறை குறைத்து மதிப்பிட்டது. 2007இல் அது தொடங்கிய டெவலப்மென்ட் அகாதமி, சிறந்த கிளப் பிள்ளைகளுக்கான தேசிய லீக். 2012இல் அது பத்து மாதப் பருவத்துக்கு மாறி, பள்ளி அணிக்கு ஆடக் கூடாது என்றது. தேசிய அணி நோக்கில் அதற்கு நியாயம் இருந்தது. பள்ளிப் பருவத்தில் சில வாரங்களுக்குள் பல ஆட்டங்கள் அடுக்கிவைக்கப்படுகின்றன. வெளியேறிய ஆட்டக்காரர் மீண்டும் உள்ளே வரலாம் என்பதால் களைப்பில்லாத கால்கள் மாறி மாறி இறங்கி ஆட்டம் ஓட்டப்பந்தயமாகிவிடும். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் பள்ளியா கிளப்பா என்று கேட்டுவிட்டார்கள். 2009இல் தொடங்கியிருந்த பெண்கள் லீக் இ.சி.என்.எல். இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை; பள்ளிக்கும் ஆடிக்கொள் என்றது. 2017இல் அகாதமி பெண்களுக்கும் லீக் தொடங்கியது. 2020 ஏப்ரலில் கொரோனாவும் நிதி நெருக்கடியும் சேர்ந்து வர, அகாதமியே மூடப்பட்டது. இ.சி.என்.எல். இன்றும் நடக்கிறது.

பள்ளிப் பயிற்சியாளர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. பெரும்பாலும் அவர்கள் அதே பள்ளியில் வரலாறோ கணக்கோ நடத்துகிறவர்கள். மூன்று நாளில் எழுபது பேர். ஆறு ஆறு பேராகச் சிறு ஆட்டம், பந்தை வாங்கித் திரும்பும் பயிற்சி, ஓட்டம், கையில் அட்டை, பென்சில். அந்த வேகத்தில் கண்ணில் படுவது உயரமும் வேகமும் சத்தமும்தான்.

இதற்கு நெதர்லாந்தில் ஓர் எளிய சோதனை நடந்தது. டேவிட் மானும் ப்ளூன் வான் ஹின்னெகனும் 2017இல் வெளியிட்டது. திறமை தேடும் அனுபவசாலிகளிடம் பதினொரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் ஆட்டத்தைக் காட்டித் தரம் பிரிக்கச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு வயதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவர்கள் வழக்கம்போல மூத்த பிள்ளைகளையே தேர்ந்தார்கள். இரண்டாம் குழுவுக்குப் பிறந்த தேதிகளைத் தாளில் கொடுத்தார்கள். அவர்களும் மூத்தவர்களையே தேர்ந்தார்கள். தெரிந்திருந்தும் கண் மாறவில்லை. மூன்றாம் குழுவுக்குச் சட்டை எண்ணையே வயது வரிசையில் போட்டு, எண்ணின் பொருளையும் சொல்லிவிட்டார்கள். பாரபட்சம் மறைந்துவிட்டது. பந்து தொடும் ஒவ்வொரு முறையும், இந்தப் பிள்ளை இந்தக் கூட்டத்தில் எத்தனையாவது இளையது என்பது கண்ணெதிரே இருந்தது.

அந்தக் கட்டுரையைப் படித்தபோது 41 என்ற எண் நினைவுக்கு வந்தது. வந்த வரிசையில் கொடுத்த எண். வீட்டிலிருந்து கிளம்பியபோது வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது என்பதைத் தவிர அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வயது வரிசையில் எண் கொடுக்க ஒரு பள்ளிக்கு ஆகும் செலவு, பதிவுப் படிவத்தைப் பார்த்துச் சட்டைகளை அடுக்கும் அரை மணி நேரம். ஒன்பதாம் வகுப்பில் யாரையும் வெளியே அனுப்பாமல், வருகிற எல்லாரையும் சேர்த்து இன்னொரு அணி நடத்துவதும் முடியாத காரியமல்ல. மைதானம் போதாது என்பார்கள், ஆள் போதாது என்பார்கள். ஆறேழு ஆண்டு பழகிய பெற்றோரில் பலர் சம்பளமில்லாமல் வந்து நிற்பார்கள் என்பதை அந்த வேலியோரம் நின்ற எவரும் சொல்வார்கள்.

மூன்றாம் நாள் மாலை எண்களைப் போட்டுப் பட்டியல் மின்னஞ்சலில் வந்தது. 41, ஜே.வி. அணியில். அண்ணி சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தார். அவள் சந்தோஷப்பட்டாள், பிறகு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டாம் வகுப்பிலிருந்து அவளோடு ஆடிய ஒரு தோழியின் எண் பட்டியலில் இல்லை. ஒரு மணி நேரம் அவர்கள் இருவரும் போனில் பேசாமல், போனை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று பின்னால் சொன்னாள்.

அவளுடைய தம்பியும் டிராவல் ஆடுகிறான். அக்டோபரில் பிறந்தவன். 2015ஆம் ஆண்டுப் பிள்ளைகளில் கடைசி ஆட்களில் ஒருவன், ‘பி’ அணி. யு.எஸ். யூத் சாக்கர், ஏ.ஒய்.எஸ்.ஓ. உள்ளிட்ட அமைப்புகள் 2026–27 பருவம் முதல் வயதுக் கோட்டை மீண்டும் ஆகஸ்ட் 1க்கே கொண்டுபோவதாக 2025இல் அறிவித்தன. மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் குறைவார்கள், வகுப்புத் தோழர்கள் ஒரே அணியில் சேர்வார்கள் என்பது காரணம், நல்ல காரணம். அண்ணன் அழைத்துச் சொன்னபோது குரலில் அவ்வளவு நிம்மதி.

“இனிமே இவன்தான்டா குரூப்லயே மூத்த பசங்கள்ல ஒருத்தன். ‘ஏ’ டீம் கிடைச்சிடும்னு கோச்சே சொல்றாரு.”

“பக்கத்து வீட்டுப் பையன்?”

புல்வெளியில் இவனோடு தினமும் ஆடுகிற அந்தத் தெலுங்குப் பையனைத்தான் கேட்டேன். 2016 ஜூலை 20 பிறந்தநாள். நான் இருந்தபோது கேக் வெட்டினார்கள்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அவன் இனிமே கடைசி” என்றார்.